கரண்ட் போன பிறகு தண்ணீர் எங்கே நிற்கும்?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரு ஹொரமாவுப் பக்கம் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஒருவர், நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி, வைக்கப்போகிறார். நன்னீர் மீன் பல வருஷம் வளர்த்தவர். லைட், தண்ணீரின் கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர், மோட்டார் எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டுவிட்டார். "குழாய் வேலைக்கு நம்ம வீட்டு பிளம்பரையே கூப்பிட்டுக்கலாமா? என்ன பைப், எத்தனை ஓட்டை, எவ்வளவு பெரிய மோட்டார்?" என்பது கேள்வி.

பிளம்பரைக் கூப்பிடலாம். ஆனால் வேலை முடியும்வரை நீங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அவருக்குத் தெரிந்த வேலை, குழாய்க்குள் தண்ணீரை அடைத்துவைத்து, திறந்தால் வரச் செய்வது. நம் வேலை வேறு. இங்கே தண்ணீர் மேல்தொட்டியிலிருந்து வழிந்து, கீழே ஸ்டாண்டுக்குள் இருக்கும் சம்ப் என்ற இரண்டாவது தொட்டிக்கு இறங்கி, மோட்டாரால் மறுபடி மேலே ஏறி, இருபத்துநாலு மணி நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டம் நிற்கும் நேரத்தில் அது எங்கே போய்த் தங்கும் என்பதுதான் கணக்கு. ஓடும்போது எல்லாருடைய டேங்கும் அழகாகத்தான் இருக்கும்.

இதை நான் கற்றுக்கொண்டது அல்சூரில், ராத்திரி இரண்டு மணிக்கு. அப்போது என்னிடம் இருந்தது மூன்றடித் தொட்டி. மேலே தண்ணீரைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாயின் வாயை 12 செ.மீ. ஆழத்தில் வைத்திருந்தேன், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று. மோட்டார் நின்றால் தண்ணீர் அதே குழாய் வழியாகக் கீழே உறிஞ்சிக்கொண்டு வந்துவிடும் என்பது தெரியும். அதனால் நீர்மட்டத்தை ஒட்டி 3 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டிருந்தேன். மட்டம் இறங்கியதும் காற்று நுழைந்து உறிஞ்சல் அறுந்துவிட வேண்டும். அன்றைக்குத் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் போனது. அந்த ஓட்டையில் மிளகு அளவு நத்தை ஒன்று குடியேறியிருந்தது. என் தொட்டியில் ஒரு செ.மீ. என்றால் நான்கு லிட்டர், 12 செ.மீ.க்கு 48 லிட்டர். சம்பில் இருந்த இடமோ 20 லிட்டர்தான். மிச்சத்தை நான் பார்ப்பதற்கு முன்பே கீழ்வீட்டு அம்மா பார்த்துவிட்டார். "மேலிந்தா நீரு சோர்தா இதே" (மேலேயிருந்து தண்ணீர் ஒழுகுகிறது) என்று அவர் கன்னடத்தில் சொல்லிக் கதவைத் தட்டியபோதுதான் எனக்கு முழிப்பே வந்தது. இன்றுவரை லிஃப்டில் பார்த்தால் முதலில் மீன் நலமா என்றுதான் கேட்பார்.

சரி, உங்கள் தொட்டிக்கு வருவோம். 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம். அப்படியென்றால் ஒரு செ.மீ. நீர்மட்டம் 7.2 லிட்டர். இந்த எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள், மற்ற முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் வரும். மேல்தொட்டியின் தண்ணீர் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் வழிந்து, அங்கிருந்து கீழே இறங்கும். மோட்டார் ஓடும்போது, அந்தப் பெட்டியின் விளிம்பில் வெட்டியிருக்கும் பல்வரிசைக்கு மேலே ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. தண்ணீர் நிற்கும். மோட்டார் நின்றதும் அது இறங்கிவிடும், 11 லிட்டர். ரிட்டர்ன் வாய் பல்வரிசைக்கு 2 செ.மீ. கீழே இருந்தால் இன்னும் 14 லிட்டர். குழாய்களிலும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் இருப்பது ஒரு 7 லிட்டர். மொத்தம் 32. உங்கள் சம்ப் 90 செ.மீ.க்கு 40 செ.மீ. என்றால் அதில் ஒரு செ.மீ. 3.6 லிட்டர், ஆக 9 செ.மீ. ஏறும். ஓடும்போது சம்பின் விளிம்புக்குக் கீழே குறைந்தது 12 செ.மீ. காலி வேண்டும். சின்ன ஓட்டையை நம்பாதீர்கள், அது கூடுதல் காவல் மட்டும்தான். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வும் அப்படித்தான். உப்புநீரில் ஆறே மாதத்தில் சுண்ணாம்பும் புழுக்கூடும் படிந்து அது முழுதாக மூடாமல் நின்றுவிடும். நம்ப வேண்டியது ரிட்டர்ன் வாயின் உயரத்தை மட்டும்தான், ஏனென்றால் உயரத்தில் பழுதாவதற்கு ஒன்றும் இல்லை.

இதன் மறுபக்கத்தைப் பலரும் யோசிப்பதில்லை. இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டு, மோட்டார் மட்டும் ஓடினால்? சம்பில் மோட்டார் இருக்கும் கடைசி அறையின் தண்ணீர் முழுவதும் மேலே ஏறும். அந்த அறை 25 செ.மீ.க்கு 40 செ.மீ., தண்ணீர் 20 செ.மீ. உயரம் என்றால் 20 லிட்டர். மேல்தொட்டியில் விளிம்புவரை 5 செ.மீ. விட்டிருந்தால் 36 லிட்டருக்கு இடம் உண்டு, தப்பித்தோம். ஆனால் அந்த அறையில் மட்டம் குறைந்ததும், ஆவியான தண்ணீரை ஈடுகட்டும் ஆட்டோ டாப்-ஆஃப் கருவி "ஐயோ, தண்ணீர் குறைந்துவிட்டது" என்று தன்னிடம் இருப்பதையெல்லாம் ஊற்றும். அதையும் மோட்டார் மேலே தள்ளும். ஆகவே 20 லிட்டரோடு டாப்-ஆஃப் கேனின் கொள்ளளவும் சேர்ந்து 36-க்குள் அடங்க வேண்டும், அதாவது 15 லிட்டர் கேன். தண்ணீரைக் குளிர்விக்க ஃபேன் போட்டால் தினம் நான்கைந்து லிட்டர் ஆவியாகும், 15 லிட்டர் மூன்று நாளைக்குத்தான் வரும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவருக்கு இது போதாது. அதற்காகக் கேனைப் பெரிதாக்காதீர்கள். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, கேனில் கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போங்கள். நான் அதைத்தான் செய்கிறேன்.

இப்போது இறங்கும் குழாய். தொட்டியின் பின்கண்ணாடியில் மூன்று ஓட்டை போடுங்கள். இந்த முறைக்குப் பீன் அனிமல் என்று பெயர். இரண்டு ஓட்டையில் செய்வது ஹெர்பி. அதுவும் நல்ல முறைதான், ஆனால் புதிதாகக் கண்ணாடி அறுக்கும்போது மூன்றாவது ஓட்டைக்கு ஆகும் கூடுதல் செலவு சொற்பம். முதல் குழாய் முழுக்கத் தண்ணீரால் நிரம்பி, காற்றே இல்லாமல் இறங்கும். அதனால் சத்தமே வராது. எவ்வளவு இறங்கணும் என்பதை அதன் கீழ்ப்பகுதியில் உள்ள வால்வால் திருகி வைப்போம். இரண்டாவது குழாயில், முதலாவது விட்டுவைத்த கொஞ்சம் தண்ணீர் சுவரோடு ஒட்டி வழியும். மூன்றாவது எப்போதும் காய்ந்தே கிடக்கும், மற்ற இரண்டும் கைவிட்டால் மட்டும் அதற்கு வேலை. அது சலசலவென்று கத்தினால் ஏதோ அடைப்பு என்று பொருள். ஒற்றைக் குழாயில் காற்றும் தண்ணீரும் கலந்து இறங்கும் அமைப்புதான் கடைகளில் அதிகம் கிடைக்கிறது. ஹாலில் வைத்தால் ராத்திரி முழுக்கக் கழிவறை ஃபிளஷ் சத்தம் கேட்கும், வீட்டில் உங்களை வாழவிட மாட்டார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. முதல் குழாயின் அடிவாய் சம்பின் நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டு செ.மீ.க்கு மேல் மூழ்கக்கூடாது. கரண்ட் போய் வந்ததும் அந்தக் குழாயில் காற்று நிறைந்திருக்கும், மேலிருந்து வரும் தண்ணீர் அந்தக் காற்றை வெளியே தள்ள வேண்டும். வாய் பத்து செ.மீ. ஆழத்தில் இருந்தால் தள்ள முடியாமல் திணறும், உறிஞ்சல் தொடங்காது, தண்ணீர் அவசரக் குழாய் வழியாகப் பேரிரைச்சலோடு இறங்கும். பெங்களூரில் ஒரே மாலையில் ஐந்து தடவை கரண்ட் போய் வரும் ஏப்ரல் மழைக்காலத்தில், ஐந்து தடவையும் தானாகவே சரியாகத் தொடங்குகிற குழாய்தான் நமக்கு வேண்டும்.

அந்த முதல் குழாய்க்கு கேட் வால்வு போடுங்கள், பால் வால்வு வேண்டாம். பால் வால்வில் கைப்பிடியை முடியளவு நகர்த்தினாலே ஓட்டம் தாறுமாறாக மாறும், கேட் வால்வில் பல சுற்று திருகி மெல்ல மெல்ல அமைக்கலாம். சிக்கல் என்னவென்றால் எஸ்.பி. ரோட்டிலோ பக்கத்துத் தெரு ஹார்டுவேர் கடையிலோ கேட் வால்வு கேட்டால் பித்தளையில்தான் எடுத்து வைப்பார்கள். பிளாஸ்டிக்கில் வேண்டும் என்றால் அக்வேரியம் பொருள் விற்பவர்களிடம் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். காத்திருங்கள், பித்தளைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பிளம்பர் பக்கத்தில் நிற்கச் சொன்னதற்குக் காரணமும் இந்தப் பித்தளைதான். மரை வருகிற இடத்தில் எல்லாம் பழக்கதோஷத்தில், குழாயை மரையோடு இணைக்கும் பித்தளை எஃப்டிஏ, பித்தளை எம்டிஏ துண்டுகளைப் போட்டுவிடுவார். வெளியே பார்த்தால் வெள்ளை பிளாஸ்டிக்காகத்தான் தெரியும், உள்ளே மரை பித்தளை. பித்தளையில் செம்பு இருக்கிறது. பவளம், இறால், நத்தை, நட்சத்திர மீன் எதற்குமே செம்பு ஆகாது, மிகக் குறைந்த அளவே போதும் கொல்ல. மீனுக்கு ஒன்றும் ஆகாது என்பதால் காரணம் பிடிபடவே மாதக்கணக்காகும். ஜிஐ குழாய், இரும்பு கிளாம்ப், ஸ்டீல் ஸ்க்ரூ எதுவும் உப்புநீரைத் தொடக்கூடாது. எவர்சில்வர் என்று சொல்லிக் கொடுக்கும் ஹோஸ் கிளாம்ப்பும் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் கிளாம்ப் வாங்குங்கள்.

குழாய்க்கு யுபிவிசி போதும். சிபிவிசியும் தப்பில்லை, வெந்நீருக்காக விலை கூடியது, நமக்குத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது அளவு. வீட்டு வேலைக்கு வரும் வெள்ளை யுபிவிசியில் ஒரு இஞ்ச் குழாயின் வெளிவிட்டம் 33.4 மி.மீ. விவசாயத்துக்கு வரும் சாம்பல்நிறக் குழாயில் 32 மி.மீ. வெளிநாட்டிலிருந்து வரும் தொட்டிகளிலும் மோட்டார்களிலும் சிலது இஞ்ச், சிலது மி.மீ. கடையில் இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். சின்னது பெரிதின் வாய்க்குள் தளர்வாகப் போகும், ஆனால் சரியாக ஒட்டாது. ஒன்றரை இஞ்சும் அப்படியே: 48.3-ம் 50-ம். கண்ணாடி ஓட்டையில் குழாயைப் பொருத்தும் துண்டை நாம் பல்க்ஹெட் என்போம், பிளம்பர் டேங்க் நிப்பிள் என்பார். முதலில் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, அதன் வாயில் குழாய்த் துண்டை வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் மற்ற எல்போ, டீ, கழற்றி மாட்டக்கூடிய இணைப்பான யூனியன் ஆகியவற்றுக்குப் போங்கள். கண்ணாடியில் ஓட்டையின் அளவும் அந்த நிப்பிளை அளந்த பிறகுதான்.

ஒட்டும்போது சொல்யூஷனை இரண்டு பக்கமும் தடவி, நுழைத்து, கால் சுற்று திருப்பி, அரை நிமிஷம் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. நிப்பிளின் ரப்பர் வாஷர் தண்ணீர் இருக்கும் பக்கம், கண்ணாடியை ஒட்டி வர வேண்டும். கையால் இறுக்கிய பிறகு இன்னும் கால் சுற்று, அவ்வளவுதான். ஸ்பானர் போட்டு இறுக்கினால் இன்றைக்குக் கசியாது, மூன்று மாதம் கழித்துக் கண்ணாடி கீறும். கசிந்தால் மேலே எம்-சீல் அப்பலாம் என்று பிளம்பர் சொல்வார், வேண்டாம், கழற்றி வாஷரைப் பாருங்கள். சிலிக்கான் தேவைப்பட்டால், பூஞ்சை பிடிக்காது என்று எழுதியிருக்கும் பாத்ரூம் சிலிக்கான் கூடாது. அந்தப் பூஞ்சைக் கொல்லி நம் தொட்டிக்குள்ளும் கொல்லும்.

கண்ணாடியில் ஓட்டை போடுவதற்கு முன் அது டஃபன்டு கண்ணாடியா என்று பாருங்கள். டஃபன்டு என்றால் டிரில் தொட்டதும் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும். வெள்ளைத் திரை போட்ட லேப்டாப்பைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுப் பார்த்தால் டஃபன்டு கண்ணாடியில் கறுப்பும் வானவில் நிறமுமாகத் திட்டுகள் தெரியும். சாதாரணக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. டைமண்ட் ஹோல் சா, மெதுவான வேகம், விடாமல் தண்ணீர், அழுத்தமே கூடாது. விளிம்பிலிருந்து ஓட்டையின் விட்டமளவாவது தள்ளி இருக்கட்டும். தொட்டி செய்கிறவரிடமே அறுக்கச் சொல்வது நல்லது, உடைந்தால் அவர் கணக்கு.

மோட்டாருக்கு வருகிறேன். பெரிய மோட்டார் வாங்கும் ஆசை எல்லாருக்கும் வரும். சம்ப் வழியாக மணிக்கு மொத்தத் தண்ணீரின் மூன்று நான்கு மடங்கு போனால் போதும். உங்கள் தொட்டியிலும் சம்பிலும் சேர்த்து, பாறை பிடித்த இடம் போக, 430 லிட்டர் தண்ணீர் இருக்கும் என்று வையுங்கள். மணிக்கு 1,300 முதல் 1,700 லிட்டர். பவளத்துக்கு வேண்டிய அலை உள்ளே வைக்கும் வேவ்மேக்கரிலிருந்து வரணும், இங்கிருந்து அல்ல. ஆனால் பெட்டியில் 4,000 லிட்டர் என்று எழுதியிருக்கும் மோட்டார் ஒன்றரை மீட்டர் உயரம் ஏற்றி, நாலு எல்போ தாண்டினால் பாதிதான் தரும், ஆகவே அந்த அளவில் டிசி மோட்டார் ஒன்று சரியாக இருக்கும். 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு போட்டால் ஓட்டம் சுகமாக இருக்கும். மோட்டாருக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு சாண் சிலிக்கான் ஹோஸ் வையுங்கள், அதிர்வு குழாய்க்கு ஏறாது. மோட்டாருக்கு மேல் ஒரு யூனியன், அப்புறம் ஒரு பால் வால்வு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மோட்டாரைக் கழற்றி வினிகரில் ஊறப்போட வேண்டும், அன்றைக்கு யூனியன் இல்லையென்றால் ஹாக்ஸா எடுப்பீர்கள்.

ஸ்கிம்மரின் அறையில் தண்ணீர் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். பெரும்பாலான ஸ்கிம்மர்களுக்கு அது 20 செ.மீ. சொச்சம், உங்களுடையதன் தாளைப் பாருங்கள். நடுத்தடுப்பின் உயரத்தை அதற்கேற்ப வெட்டச் சொல்லுங்கள், தொட்டி வந்த பிறகு திருத்த முடியாது. கரண்ட் போய் வந்ததும் சம்பில் மட்டம் ஏறியிருக்கும், ஸ்கிம்மர் பொங்கிக் கறுப்பு நுரையைக் கொட்டும். பத்து நிமிஷம் தாமதமாக அதை ஓடவைக்கும் டைமர் பிளக் ஒன்று போதும்.

இனி மின்சாரம். வீட்டு இன்வெர்ட்டரில் எதைக் கோர்ப்பது? வேவ்மேக்கரை மட்டும். தண்ணீர் அசைவில்லாமல் நின்றால் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் இறங்கிவிடும், முதலில் போவது மீன். 20 வாட் வேவ்மேக்கர் ஒன்று, 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஃபேன், லைட்டை அணைத்துவிட்டால் ஒரு நாளுக்கு மேல் தாங்கும். ஹீட்டர், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், பெரிய லைட் எதையும் அந்த லைனில் போடாதீர்கள். இன்வெர்ட்டர் சைன் வேவாக இருக்கட்டும், பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏசி மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உறுமும், சூடாகும். மெயின் போர்டில், மின்கசிவு வந்தால் தானாக அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் சோதிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் தொட்டியே வேண்டாம். பிளக் போர்டை ஸ்டாண்டுக்குள் வைக்காமல் பக்கத்துச் சுவரில் ஏற்றுங்கள். உள்ளே உப்புக்காற்று, பிளக் பின்கள் எல்லாம் பச்சை பூத்துவிடும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு வருமுன் ஒரு முறை கீழே தொங்கி வளைந்து மேலேறணும். வயர் வழியே இறங்கும் சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும்.

தண்ணீரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "வீட்டில்தான் ஆர்ஓ இருக்கிறதே" என்று நினைத்திருப்பீர்கள். சமையலறை ஆர்ஓவில் ருசிக்காகக் கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரைக் கலக்கும் டிடிஎஸ் கன்ட்ரோலர் இருக்கும். அதைவிட மோசம், உடம்புக்கு நல்லது என்று செம்பு சேர்க்கும் ஃபில்டர்கள் இப்போது நிறைய வருகின்றன. மேலே பித்தளைக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும். தொட்டிக்குத் தனியாக, கார்பன் ஃபில்டரும் கடைசியில் மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசினும் உள்ள ஆர்ஓ வேண்டும், மீட்டரில் டிடிஎஸ் பூஜ்யம் காட்ட வேண்டும். அபார்ட்மெண்டில் அழுத்தம் போதாது, பூஸ்டர் பம்ப் சேர்த்து வாங்குங்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் கழிவு என்று வைத்தால், முதல் தடவை 430 லிட்டருக்கு ஏறக்குறைய 1,300 லிட்டர் கழிவு. 2024 மார்ச்சில் ஊரே டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்ததைப் பார்த்த பிறகு எனக்கு அதைச் சாக்கடையில் விட மனசு வரவில்லை. டிரம்மில் பிடித்து வீடு துடைக்க, கழிவறைக்கு விடுகிறோம். போர் தண்ணீர் வரும் நாளில் ஆர்ஓ போடாமல் காவேரி வரும் நாளில் போட்டால் மெம்ப்ரேனும் ரெசினும் நீண்ட நாள் உழைக்கும். உப்பு, முதல் நிரப்பலுக்கு 16 கிலோ வாக்கில் ஆகும். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 (ஆயிரத்துக்கு 35 பங்கு) காட்ட வேண்டும், அதாவது அடர்த்தி 1.026. அந்த மீட்டரை வெறும் தண்ணீரில் சரிபார்க்காமல் 35 என்று குறித்த திரவத்தில் சரிபாருங்கள்.

சில்லர் உடனே வாங்காதீர்கள். பெங்களூருக்காரருக்கு இருக்கும் ஒரே அதிர்ஷ்டம் இதுதான். இங்கே கோடையில் காற்று உலர்ந்திருக்கும், தண்ணீரின் மேல் சின்ன ஃபேன் ஊதினாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஒரு லிட்டர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மும்பையில் காற்றே ஈரம், ஃபேன் அவ்வளவு உதவாது. டெல்லியில் மே மாதம் சில்லரும் ஜனவரியில் ஹீட்டரும் கட்டாயம். நமக்கு 25 முதல் 27 டிகிரி வைத்தால் போதும், டிசம்பர் ராத்திரிக்கு 100 வாட் ஹீட்டர் இரண்டு. பெரியதாக ஒன்று வேண்டாம், ஆனிலேயே ஒட்டிக்கொண்டால் எல்லாவற்றையும் வேகவைத்துவிடும்.

எடையைக் கேட்கவே இல்லை நீங்கள். தண்ணீர் 440 கிலோ, 12 மி.மீ. கண்ணாடி 85 கிலோ வாக்கில், பாறை, மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 650 கிலோ தாண்டும், அதுவும் முக்கால் சதுர மீட்டருக்குள். வீட்டுத் தளங்களுக்கு ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரநிலை சொல்லும் கணக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோ. அது தளம் முழுவதும் பரவும் சுமைக்கான கணக்கு, அதனால் உடனே இடிந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் அறையின் நடுவில் வைக்காமல், பீம் ஓடும் சுவரை ஒட்டி, கட்டடத்தின் வரைபடத்தை ஒரு இன்ஜினீயரிடம் காட்டிவிட்டு வையுங்கள். வாடகை வீடு என்றால் ஓனரிடம் சொல்லாமல் வைக்கவே வேண்டாம்.

பாறைக்கு ஒரு வார்த்தை. தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் "கடற்கரையில் கிடக்கிறதே, இரண்டு மூட்டை அனுப்பட்டுமா?" என்பார். என் சொந்த ஊரும் அந்தப் பக்கம்தான், எனக்கும் கேட்டார்கள். கல் பவளங்கள், கடல் விசிறிகள் எல்லாம் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு இருக்கிற அதே அட்டவணை. செத்த பவளக்கல்லும் அதற்குள்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-லிருந்து தேசியப் பூங்கா. செயற்கையாகச் செய்த உலர்பாறை கிடைக்கிறது, அதை வாங்குங்கள், ஆறு வாரம் பொறுத்தால் பாக்டீரியா குடியேறிவிடும். உயிருள்ள பவளத்தில் காளான், ஜோவாந்தஸ், லெதர் போன்ற மென்பவளங்களோடு தொடங்குங்கள். சிவாஜிநகர் ரசல் மார்க்கெட் பக்கமோ வேறெங்கோ கல் பவளம் காட்டினால், எங்கிருந்து வந்தது, காகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். பேச்சை மாற்றினால் நடையைக் கட்டுங்கள்.

விலை கூடிய லைட்டும், கால்சியம் போன்றவற்றைத் தானாகச் சேர்க்கும் டோசிங் பம்ப்பும் இப்போதைக்கு வேண்டாம். மென்பவளத்துக்கு நடுத்தர எல்இடி ஒன்று போதும். வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் கால்சியமும் காரத்தன்மையும் தானாக நிற்கும். காரத்தன்மை 8 டிகேஎச் அருகே, கால்சியம் 420 பிபிஎம் அருகே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அந்தப் பணத்தை வால்வுக்கும் யூனியனுக்கும் போடுங்கள்.

எல்லாம் ஒட்டி முடித்த பிறகு உப்பு, மணல், பாறை எதுவும் போடாமல் வெறும் குழாய்த் தண்ணீரை நிரப்பி இரண்டு நாள் ஓட்டுங்கள். சம்பின் வெளியே பெயின்டர் டேப் ஒட்டி, ஓடும்போது மட்டம் நிற்கும் இடத்தில் ஒரு கோடு. ரிட்டர்ன் குழாயின் சின்ன ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு மெயின் சுவிட்சை அணையுங்கள், வடிந்து முடியும்வரை காத்திருந்து இரண்டாவது கோடு. மறுபடி போடுங்கள், முதல் குழாய் எத்தனை நிமிஷத்தில் அமைதியாகிறது என்று கடிகாரம் பாருங்கள். பத்து தடவை அணைத்துப் போட்டுப் பாருங்கள், நடுவில் ஒரு தடவை இறங்கும் முதல் குழாயின் வாயைத் துணியால் அடைத்தும், இன்னொரு தடவை அந்தச் சின்ன ஓட்டையை மறுபடி மூடியும். அந்த இரண்டாவது கோட்டுக்கு மேல் ஒரு செ.மீ. ஏறினாலும் அன்றைக்கு உப்பு மூட்டையைப் பிரிக்காதீர்கள்.